காதுக்கு வேலையில்லாத இடம்

தறிகள் ஓடும்போது எனக்கு ஒரு குரல் கேட்டால் அது நிஜக் குரல் இல்லை. இதைவிட நேரான கணக்கு எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. பட்டறையில் அத்தனை தறியும் ஒன்றாக அடிக்கிறபோது மனிதக் குரல் எடுபடாது. எதிர்த் தறியில் நிற்கிற பழனாத்தாக்கா தொண்டை கிழியக் கத்தினாலும் வாய் அசைவதுதான் தெரியும். அதனால் யாரும் கத்துவதில்லை, கையால் பேசிக்கொள்கிறோம், கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ, மணிக்கட்டைத் திருகினால் ஃபிட்டர் சின்ராசு வர வேண்டும், மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். பொம்பளைகள் மீசை முறுக்குகிற ஊர் பள்ளிபாளையம் ஒன்றுதான் என்று சின்ராசு சொல்வான், அதுவும் வெளியே வேப்பமரத்தடியில், டீ குடிக்கும்போது, எல்லாருக்கும் காது இன்னும் கொய்யென்று இருக்கையில். ஆகவே இப்போது என் இடது தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு "மூணாவது தறியில தார் தீரப் போகுது, இவளுக்கு எங்க தெரியும்" என்கிறவன் யாருமில்லை, அவன்தான். அவன் என்னோடு பேச மாட்டான். என்னைப் பற்றிப் பேசுவான், யாரிடமோ. சளி பிடித்த ஆம்பளைக் குரல், வயது சொல்ல முடியாது, பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து ஊர் முழுக்கக் குறை சொல்லிக்கொண்டே வருகிறவனின் குரல். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு பெரிய சுகம், அது திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்குத்தான் தெரியும். மூணாவது தறிக்குப் போகிறேன், குறுக்கே ஓடுகிற நாடாவை எடுக்கிறேன், அதற்குள் நூல் சுற்றிய தாரை மாற்றுகிறேன், தறியைப் போடுகிறேன். தார் தீரப் போகிறதென்று அவன் சொன்னதற்கு முன்னாலேயே என் கண் பார்த்துவிட்டது. அவன் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வருகிறான், அவனுக்கு அது தெரியாது.

வீட்டில் அப்படியில்லை. வீட்டில் எல்லாம் மெல்லிய சத்தம், தண்ணீர் சொட்டுகிறது, பக்கத்து வீட்டில் டி.வி. ஓடுகிறது, தம்பியும் அவன் பெண்டாட்டியும் அடுக்களையில் ஏதோ பேசிக்கொள்கிறார்கள், அந்தப் பேச்சின் ஓரத்தில் இவன் வந்து உட்கார்ந்துகொள்கிறான், எது அவர்கள் சொன்னது எது இவன் சொன்னது என்று பிரிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். "என்னடா சொன்னே" என்று தம்பியைக் கேட்பேன். "ஒண்ணும் சொல்லலீயே அக்கா" என்பான். சொன்னானா சொல்லவில்லையா. அவன் முகத்தைப் பார்ப்பேன். அவன் பெண்டாட்டி என் முகத்தைப் பார்ப்பாள், அடுப்பில் பொங்க வருகிற பாலைப் பார்ப்பதுபோல. கெட்டவளில்லை, பாவம், பால் பொங்கிவிடக் கூடாதே என்றுதான் பார்க்கிறாள், ஆனால் பால் எப்படி ஒருவரைத் திரும்பிப் பார்க்கும். பட்டறைக்கு வந்த புதிதில் தறிச் சத்தமே பேசும் என்று பயந்தேன், உண்மையாகவே சில நாள் பேசியது, தடக் தடக் என்பது சாரதா சாரதா என்று ஆனது, ஆனால் இரண்டு தறி சேர்ந்தால் தாளம் மாறுகிறது, நாலு தறி சேர்ந்தால் அதற்குள் எந்தப் பெயரும் நிற்க முடியாது, நாடா அடித்துத் துரத்திவிடுகிறது. பிறகு மாத்திரையும் சேர்ந்தது. மாத்திரையும் தறியும் சேர்ந்தபோது அவன் குரல் சுருங்கிச் சுருங்கி அடுத்த தெருக் கல்யாண வீட்டு மைக்செட் மாதிரி ஆகிவிட்டது, இருக்கிறது, ஆனால் நமக்குப் பத்திரிகை வைக்காத கல்யாணம். ஆனி மாதம் மாத்திரை தீர்ந்தது, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று வாங்காமல் விட்டேன், ஆடியில் ஆஸ்பத்திரி. அங்கே சின்ன வயது டாக்டரம்மா கேட்டார், "எந்த எடத்துல இருந்தா உங்களுக்குத் தெளிவா இருக்கு?" நான் யோசிக்கவேயில்லை. "தறியிலங்க." அந்தம்மா சிரித்துவிட்டது. "அந்தச் சத்தத்துலயா?" "அந்தச் சத்தத்துலதாங்க." அப்படியானால் அங்கேயே போங்க, ஆனா மாத்திரையை விடாதீங்க, ராத்திரி தூக்கம் கெடக் கூடாது என்றார். அந்தம்மாவிடம் மட்டும்தான் குரலைப் பற்றி முழுசாகச் சொல்லியிருக்கிறேன். இங்கே எல்லாருக்கும் நான் ஆஸ்பத்திரியில் இருந்தது தெரியும், மனசுக்கு முடியவில்லை என்று தெரியும், முதலாளிக்கு நோயின் பெயர்கூடத் தெரியும், சீட்டில் எழுதியிருந்ததை வாசித்தார். ஆனால் ஒருவன் பின்னால் நின்று பேசுகிறான் என்பது யாருக்கும் தெரியாது.

தெரியாமலே இருந்திருக்கலாம். இன்று காலை செருப்பைக் கழற்றி ஓரமாக விடும்போது முதலாளி கூப்பிட்டார். "சாரதாமணி, இங்க வா சாமி." போனேன். கந்தவேல் முதலாளி கூப்பிட்டால் ஏதாவது துணியில் குற்றம் இருக்கும், ஆனால் சாமி என்று செல்லமாகக் கூப்பிட்டார், அதனால் குற்றமில்லை, அதைவிடப் பெரிசு. "ஆஸ்பத்திரியில இருந்து வந்து இன்னும் ஒடம்பு தேறல உனக்கு. நாலு தறிக்கு நடுவுல நாளெல்லாம் நிக்கோணும்னு என்ன? மடிப்பு ரூமுக்கு வந்துரு. உக்காந்து பாக்கற வேலை. ஃபேன் இருக்குது, சத்தமில்ல, பேச்சுத் தொணைக்கு ரெண்டு பேரு இருக்கறாங்க. கூலியில கை வெக்க மாட்டேன்." "இல்லீங்ணா" என்றேன். "இப்பச் சொல்லாத, யோசி. டீக்குள்ள சொல்லு. மத்தியானம் புதுப் பாவு நூல் ஏத்தறாங்க, உன்ற தறிக்கு ஆளு மாத்தறதுன்னா அதுக்கு முன்னால மாத்திக்கோணும்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷன். எனக்கு எதெல்லாம் ஆகாதோ அதையெல்லாம் அவ்வளவு அன்பாக அடுக்கி வைத்தார், சத்தமில்லை, பேச்சுத் துணை, ஃபேன். ஃபேன் சத்தத்தில் அவன் எவ்வளவு சொகுசாக உட்காருவான் தெரியுமா, ஈஸிச்சேரில் சாய்வதுபோல.

மடிப்பு ரூம் எனக்குத் தெரியும், இந்த மடிப்பு ரூம் இல்லை, ஈரோட்டில் வேறொரு கம்பெனியில், ரொம்ப வருஷம் முன்னால். துணியை நீவி மடிக்கிற வேலை, எதிரும் புதிருமாகப் பெண்கள், நாள் பூராவும் மெல்லப் பேசிக்கொண்டே மடிப்பார்கள், மாமியார், சீட்டு, யார் வீட்டில் என்ன குழம்பு. ஒருத்தி ஏதோ சொன்னாள், நான் பதில் சொன்னேன், "நான் ஒண்ணும் அழுக்கு இல்லை, தெனமும் குளிச்சிட்டுத்தான் வர்றேன்" என்று. எல்லாருடைய கையும் நின்றுவிட்டது. அவள் சொன்னது ஆட்டுக்கல்லைப் பற்றி, அழுக்கு என்றது இவன். மறுநாளிலிருந்து என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காருகிற இடம் காலியாகவே கிடந்தது, மாதம் முடிவதற்குள் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள், காரணம் கேட்டதற்கு ஆள் கூடுதலாகிவிட்டது என்றார்கள். அந்தக் காலி இடம். இப்போதும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியாக இருந்தால் எழுந்து நின்றுகொண்டே வருவேன். அதனால்தான் இங்கே வந்து தறி பழகினேன், பழனாத்தாக்கா பழக்கினாள், என் கையைப் பிடித்து அறுந்த இழையை முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசாமல், பேசினாலும் கேட்காது. முதல் நாள் சாயங்காலம் வேப்பமரத்தடியில்தான் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரிந்தது. "ஏனாயா, உன்ற ஊரு எது?" என்றாள். கீச்சுக் குரல். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் குரல். சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே.

ரெண்டாவது தறியில் இழை அறுகிறது, முடிச்சுப் போடுகிறேன். நாலாவது சரியாக இருக்கிறது. ரயான் துணி வெள்ளையாக இறங்கிக்கொண்டே இருக்கிறது, காலையில் கூரைத் தகட்டு இடுக்கு வழியாக வெயில் கம்பி கம்பியாக விழும்போது பஞ்சுத் தூசி அதில் ஏறி மிதக்கும், எனக்கு அது பிடிக்கும், யாரிடமும் சொன்னதில்லை, பிடிக்கும். முதலாளியிடம் என்ன சொல்வது. வேண்டாங்ணா என்று மட்டும் சொல்லலாம். ஏன் என்பார். அவருக்கு எதற்கும் காரணம் வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன், என் தறியை வேறு யாருக்கும் நிரந்தரமாகக் கொடுக்காமல் ஆள் மாற்றி ஆள் வைத்து ஓட்டிக் காத்திருந்தாரே என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கும்புடாத மொதல்ல. நானென்ன தர்மசத்திரமா நடத்தறேன்? புதுசா ஒருத்தனைப் பழக்கி நாலு தறியில நிக்க வெக்கறதுக்குள்ள எத்தனை துணி குப்பைக்குப் போகும் தெரியுமா? பழகுனதும் திருப்பூருக்கு ஓடிருவான். உனக்குக் காத்திருக்கறது எனக்கு அதைவிட மலிவு." அவருடைய சகலை வந்திருந்தபோது கேட் பக்கம் நின்று சொன்னதையும் கேட்டிருக்கிறேன், சகலையும் பட்டறைக்காரர்தான், வெப்படைப் பக்கம். "மனசு சரியில்லாததை வெச்சுத் தறி ஓட்டறயே, உனக்குப் பயமே இல்லியா?" என்றார் சகலை. முதலாளி பல் குத்திக்கொண்டே சொன்னார், "என்ற பட்டறையில ஆளு நிக்குது. உன்ற பட்டறையில தறிதான் நிக்குது." சகலை அதற்கப்புறம் டீயை முழுசாகக் குடிக்கவில்லை.

அது வெறும் வாய் இல்லை. எனக்கு ராத்திரி ஷிப்டு ஆகாதென்று டாக்டரம்மா சொன்னதால் என்னைப் பகலுக்கு மாற்றினார், அப்போது பழனாத்தாக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள், "அவளுக்கு மனசு, எனக்கு முட்டி, எனக்கும் பகல்தான்" என்று. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு யாருக்கு எந்த ஷிப்டு வேண்டும் என்று கேட்டார், அதுவரைக்கும் எந்தப் பட்டறையிலும் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பார்த்தால் ராத்திரிதான் வேண்டும் என்று சொல்ல நாலு பேர் இருந்தார்கள், பகலில் தோட்டம் பார்க்கிறவர்கள், அவர்களை இத்தனை நாள் கட்டாயமாகப் பகலிலும் போட்டு வதைத்திருக்கிறார். தூங்கி விழுந்துகொண்டு தறியில் நிற்கிறவர்கள் குறைந்தார்கள், குற்றத் துணி குறைந்தது, தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். அப்புறம் நெற்றியில் கை வைக்கிறது. நெற்றியில் கை வைத்துக் காட்டினால் என்னால் இப்போது முடியவில்லை என்று அர்த்தம், தறியை நிறுத்திவிட்டு மரத்தடியில் போய் உட்காரலாம், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. எனக்காகத்தான் வைத்தார். நான் அதைச் செய்தது கொஞ்சம், சின்ராசு செய்தது அதிகம். அண்ணன் செத்த வாரத்தில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அடிக்கடி நெற்றியில் கை வைத்துப் போனான். அந்தக் கையோடு ஓடுகிற பல்சக்கரத்துக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று முதலாளிதான் பிறகு சொன்னார், சொல்லும்போது தன் விரலைத் தானே ஒருமுறை எண்ணிப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவரிடம் சொல்ல என்ன பயம். சொல்லிப் பார்க்கிறேன், வாயை அசைத்து, இங்கே யாருக்கும் கேட்காது. அண்ணா எனக்கு ஒரு கொரல் கேக்குதுங். வேண்டாம். அண்ணா மடிப்பு ரூம்ல எனக்குக் கொழப்பமா இருக்குமுங். என்ன குழப்பம் என்பார். அண்ணா இங்கதான் எனக்கு எது நெசம்னு தெரியுது. இது நல்ல வாக்கியம், ஆனால் இதைச் சொல்லிவிட்டால் அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டும், அதற்கடுத்ததையும், இழுத்தால் வருகிற நூல். சொன்னதும் அவர் கண் மாறினால். பால் பார்க்கிற கண். அவர் கண் மாறினால் பழனாத்தாக்காவின் கண்ணும் மாறும், சின்ராசின் கண்ணும், வேப்பமரத்தடியில் என் பக்கத்தில் ஓர் இடம் காலியாகும். "சொல்ல மாட்டா. இவளுக்கு அந்தத் தைரியமில்லை" என்கிறான் அவன். அப்படியா. டீ வரட்டும். வெளியே வந்து தனியாகக் கூப்பிட்டு, கேட் பக்கம் நிறுத்தி, மெதுவாக, இரண்டே வாக்கியம்.

பழனாத்தாக்கா மீசையை முறுக்குகிறாள். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முதலாளி தறிகளுக்கு நடுச் சந்தின் அந்தக் கோடியில் நிற்கிறார், துணியை விரலால் தடவிக்கொண்டே ஒவ்வொரு தறியாக வருகிறார், பாதி தூரத்தில் நின்று என்னைப் பார்த்துக் கையை மலர்த்திக் கேட்கிறார், என்ன முடிவு பண்ணினாய்? டீக்கு இன்னும் நேரமிருக்கிறது. இங்கே இல்லை, வெளியே, என்றுதான் சொல்ல நினைத்தேன். என் கை கேட்கவில்லை. இத்தனை வருஷமாகக் கேட்டதற்குப் பதில் சொல்லிப் பழகிய கை. மடிப்பதுபோல் காட்டி, வேண்டாம் என்று வீசியது. ஏன்? என்கிறார். கை என் காதுக்குப் போனது. பட்டறையில் எல்லாவற்றுக்கும் சைகை உண்டு, இதற்கு இல்லை, இதற்கு ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. காதுக்குப் பின்னால் விரல்களைக் குவித்து, கிளி மூக்கு மாதிரி திறந்து மூடினேன். ஒருத்தன் பேசறான். அவருக்குப் புரியவில்லை, புருவத்தைச் சுருக்கி, பெரிசாச் செய், என்று காட்டினார். பெரிசாகச் செய்தேன். கையை உயர்த்தி, காதுக்குப் பக்கத்தில், திறந்து மூடித் திறந்து மூடி, ஆள் இல்லை ஆனால் பேசறான், அங்கே போனால் அவங்க பேச்சும் இவன் பேச்சும், இரண்டு கையையும் பின்னிப் பிணைத்துக் காட்டி, கலந்துபோகும். இங்கே, என்று தறிகளைச் சுற்றிக் காட்டினேன், இங்கே யாரும் பேச முடியாது, அதனால் கேட்டால் அது அவன்தான், எனக்குத் தெரிந்துவிடும், இங்கே தெளிவு. நெஞ்சில் கை வைத்தேன். இவ்வளவும் செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது, கைப் பேச்சில் ரகசியம் கிடையாது. வாயால் பேசினால் காதோடு சொல்லலாம், கையால் பேசினால் கண் இருக்கிற எல்லாருக்கும் சொன்னதாகிவிடும். நெசவு ஆட்களுடைய கண் ஓரிடத்தில் நிற்பதேயில்லை, அது அவர்கள் தொழில். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ராசு தறி மேல் ஏறி ஸ்பேனரோடு அப்படியே நின்றான். "எல்லாரும் பாத்துட்டாங்க" என்றான் அவன், பின்னாலிருந்து.

தறி ஓடிக்கொண்டிருந்தது. பால், காலி இடம், ஆட்டுக்கல். பழனாத்தாக்கா சந்தைத் தாண்டி என் எதிரே வந்தாள், கையைத் துடைத்துக்கொண்டாள், கிளி மூக்கை அப்படியே தன் காதுப் பக்கம் செய்து காட்டி, இப்பவுமா? என்று கேட்டாள். ஆமாம். என்ன சொல்றான்? எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்கிறான். அவள் திரும்பிப் பட்டறை முழுக்க ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமா, சரியாத்தானே சொல்றான், என்று தலையை ஆட்டினாள். அப்புறம் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினாள், கைப் பேச்சில் அவளுடைய பெயர் அது, என்னைப் பத்தி என்ன சொல்றான்? நான் உண்மையாகவே காத்திருந்து கேட்டேன், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவன் பேசட்டும் என்று கேட்டேன். ஒன்றுமில்லை. ஒண்ணும் சொல்லலை, என்று கையை விரித்தேன். அவ்வளவுதானா, என்று பழனாத்தாக்கா இடுப்பை ஒடித்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கோபித்துக்கொண்ட புதுப்பெண் மாதிரி, அந்த முட்டியோடு. சின்ராசு தறி மேலிருந்து கிளி மூக்கு செய்தான், என் வீட்டிலும் ஒன்று உண்டு, என்று கழுத்தில் தாலி கட்டுவதுபோல் காட்டி, அது நிஜம், என்று கும்பிட்டான். பட்டறை முழுக்கத் தோள்கள் குலுங்கின. சிரிப்புச் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை, அத்தனை வாயும் திறந்திருந்தது. பார்க்கிறதற்கு என்னவோபோல் இருந்தது, மழை சத்தமில்லாமல் பெய்கிறதைப்போல, நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை, முகம் நனைந்திருந்தது, பஞ்சுத் தூசி கன்னத்தில் ஒட்டியது.

முதலாளி பக்கத்தில் வந்து என் காதில் வாயை வைத்தார். வெற்றிலை வாசனை, சூடு, எச்சில்கூடத் தெறித்தது. நிஜக் குரலுக்கு மூச்சு உண்டு. "இதையக் காலையிலயே சொல்றதுக்கென்ன? நான் என்னமோ உனக்கு நல்லது பண்றேன்னு நெனச்சு, நல்லா ஓடற ஆளைத் தறியை விட்டுத் தூக்கப் பாத்தேன். எனக்கல்லோ நட்டம்!" நான் ஏதோ சொன்னேன், அவருக்குக் கேட்டிருக்காது. "இனிமே உனக்கு எது தேவலைன்னு நானா முடிவு பண்ண மாட்டேன். உன்னையக் கேக்கறேன். நீயும் வாயத் தெறந்து சொல்லோணும். வாயோ கையோ, எதோ ஒண்ணு. சரியா?" சரி என்று தலையாட்டினேன். அவர் நிமிர்ந்தார். நான் அவருடைய கண்ணைப் பார்த்தேன், பார்க்க வேண்டியிருந்தது, பால் இருக்கிறதா என்று. அந்தக் கண் என்னைப் பார்க்கவேயில்லை. என் தோளுக்கு மேல், பின்னால், நாலாவது தறியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது அப்படியே விரிந்தது. நானும் திரும்பினேன். பாவில் இழை அறுந்து, தறி அது பாட்டுக்கு ஓடி, வெள்ளைத் துணியில் முழ நீளத்துக்குக் கோடு விழுந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. முதலாளி இரண்டு கையாலும் திட்டினார். உனக்குக் கண்ணில்லையா, கதை பேசிக்கொண்டிருந்தால் துணியை யார் பார்ப்பது, இதை எவன் தலையில் கட்டுவது, உன் தலையிலா என் தலையிலா, எல்லாரையும் திட்டுகிற அதே கை, அதே வேகம், அதே நெற்றிச் சுருக்கம், பழனாத்தாக்காவைத் திட்டும்போது எப்படியோ அப்படியே. என் தறி, என் தறி என்று உள்ளே யாரோ கத்தினார்கள், அது அவனில்லை, நான்தான். ஓடிப் போய் நிறுத்தினேன். அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, அச்சில் கோத்து, முடிந்து, தறியைப் போட்டேன்.